முன்னும் பின்னும் எங்கே?

தமிழ்ப்பள்ளியில் படித்த யாருக்கும் 'சூழல்' என்ற சொல் புதிதன்று. தேர்வுத் தாளில் நான்கைந்து வரிகளில் ஒரு சம்பவம் இருக்கும். ஒருவன் ஆண்டு முழுவதும் விளையாடிவிட்டுத் தேர்வுக்கு முதல்நாள் இரவு புத்தகத்தைத் தேடுவான். கீழே நான்கு பழமொழிகள் இருக்கும். 'சூழலுக்கு ஏற்ற பழமொழியைத் தெரிவு செய்க' என்று கேட்பார்கள். பழமொழியை மட்டும் மனனம் செய்தவன் அங்கே தடுமாறுவான். அது எந்த இடத்தில் பொருந்தும், எந்த இடத்தில் பொருந்தாது என்று அறிந்தவனே புள்ளி பெறுவான். 2021இல் ஒழிக்கப்பட்ட யு.பி.எஸ்.ஆர். தேர்வை எழுதிய நம் தலைமுறை வரைக்கும் இந்தப் பயிற்சி இருந்தது.

பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்க்கப்பட்ட இந்த அறிவை, மேடையில் ஒலிவாங்கியைப் பிடித்து நிற்கும் பெரியவர்களிடம் நாம் ஏன் எதிர்பார்ப்பதில்லை? ஒருவர் பேசியதில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, அவர் சொல்லாததை அவர் தலையில் கட்டுவது இன்று நம் ஊர் அரசியலில் அன்றாட வேலையாகிவிட்டது. அதைவிட வேடிக்கை என்னவென்றால், உண்மையிலேயே தகாததைப் பேசியவரும் மாட்டிக்கொண்டால் 'என் பேச்சைத் திரித்துவிட்டார்கள்' என்று தப்பித்துக்கொள்கிறார். இரண்டையும் பிரித்தறிவது எப்படி? அதைப் பற்றித்தான் இக்கட்டுரை.

வெட்டுவதெல்லாம் குற்றமா?

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மேற்கோள் காட்டுவது என்றாலே வெட்டுவதுதான். முழுப் பேச்சையும் யாரும் திருப்பிச் சொல்ல முடியாது. நம் சங்கங்களின் விழாப் பதாகைகளில் தவறாமல் இடம்பெறும் கணியன் பூங்குன்றனாரின் அடியை எடுத்துக்கொள்ளுங்கள். அது புறநானூற்றின் 192ஆம் பாட்டில் முதல் அடி. மொத்தம் பதின்மூன்று அடிகள். மீதிப் பன்னிரண்டில் என்ன இருக்கிறது என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். ஆற்று நீரோடு போகும் தெப்பத்தைப் போல உயிர் தன் முறைப்படி போகிறது என்றும், ஆகையால் பெரியோரைக் கண்டு வியப்பதும் வேண்டாம், அதைவிடச் சிறியோரை இகழ்வதும் வேண்டாம் என்றும் அப்பாட்டு முடிகிறது. பதாகையில் முதல் அடி மட்டும் இருப்பதால் பாட்டின் ஆழம் குறைகிறது. ஆனால் பொருள் தலைகீழாகவில்லை. முழுப் பாட்டையும் படித்தவர் அந்த முதல் அடியைக் கண்டு 'பொய்' என்று சொல்லமாட்டார்.

இதுதான் அளவுகோல். வெட்டிய துண்டை மீண்டும் உடம்போடு சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் அது மேற்கோள். சேர்த்தவுடன் எதிர்ப்பொருள் வந்தால் அது மோசடி.

தோட்டத்தில் சொல் பயணிக்கும் விதம்

நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு செய்தி எப்படிப் பரவும் என்பது தெரியும். பெரட்டுக் களத்தில் காலையில் பேசியது, மாலையில் கோயில் திடலுக்கு வரும்போது கை கால் முளைத்து வரும். பால்மரத் தோட்டங்கள் செம்பனையாக மாறி, லயங்களில் பாதி காலியாகி, பிள்ளைகள் சிரம்பான், நீலாய் என்று வேலைக்குப் போன பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை. முன்பு வாய்வழி வந்தது; இப்போது புலனக் குழுவில் வருகிறது. வேகம் மட்டும் கூடியிருக்கிறது.

ம.இ.கா. சாமிவேலு அணி, சுப்ரமணியம் அணி என்று பிரிந்து நின்ற காலத்தில் தோட்டத்துக் கிளைகளும் இரண்டாகப் பிரிந்து நின்றதைப் பெரியவர்கள் இன்றும் கதையாகச் சொல்வார்கள். எந்த நாளிதழ் எந்தத் தலைவர் பக்கம் என்பது படிப்பவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1924இல் தொடங்கி 2019 ஜனவரியோடு நின்றுபோன 'தமிழ் நேசன்' அதன் பிற்காலத்தில் சாமிவேலு குடும்பத்தின் பொறுப்பில் இருந்தது. ஆனால் அன்றைய வாசகனுக்கு ஒரு வசதி இருந்தது. நாளிதழின் பெயரைப் பார்த்தவுடனே எவ்வளவு உப்புப் போட்டுப் படிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்வான். இன்று புலனத்தில் வரும் இருபது விநாடிக் குரல் பதிவுக்குப் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. அனுப்பியவர் நம் மாமா. அவருக்கு அனுப்பியவர் யார் என்று அவருக்கே தெரியாது.

ஒரு வாக்கியம், இரண்டு துண்டு

இது எனக்கும் நடந்தது. எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்குப் பொதுவான தமிழ்ப்பள்ளி ஒன்றைப் பட்டணத்துப் பக்கம் மாற்றலாமா என்று கோயில் மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. மாற்ற வேண்டும் என்பது ஓர் அணி. மாற்றவே கூடாது என்பது மற்றோர் அணி. இரண்டு அணிக்கும் பின்னால் கட்சிக்காரர்கள் இருந்தார்கள். பள்ளி ஒரு சாக்கு. அடுத்த கிளைத் தலைவர் யார் என்பதே சண்டை. பல்கலைக்கழகத்தில் படிக்கிறவன் என்பதால் என்னையும் பேசச் சொன்னார்கள். நான் சொன்னது இதுதான்: "பள்ளியைப் பட்டணத்துப் பக்கம் மாற்றினால் பிள்ளைகளுக்கு நல்லதுதான், ஆனால் நிலம் பள்ளிக்கென்று எழுதப்பட்டு, பேருந்துக்கு யார் பணம் கட்டுவது என்று முடிவாகும்வரை யாரும் கையெழுத்துப் போடாதீர்கள்."

மறுநாள் ஒரு புலனக் குழுவில் என் குரல் 'பிள்ளைகளுக்கு நல்லதுதான்' என்பதோடு நின்றது. 'படித்த பிள்ளையே சொல்லிவிட்டான்' என்று கீழே ஒரு குறிப்பு. அதற்கு அடுத்த நாள் இன்னொரு குழுவில் 'யாரும் கையெழுத்துப் போடாதீர்கள்' என்பது மட்டும் ஓடியது. 'இளைஞர்கள் எதிர்க்கிறார்கள்' என்று அதற்கும் ஒரு குறிப்பு. இரண்டும் என் குரலேதான். ஒரு சொல்லைக்கூட யாரும் மாற்றவில்லை. 'ஆனால்' என்ற ஒரு சொல் மட்டும் இரண்டு பதிவிலும் இல்லை.

புல்லுக்கு மருந்தடிக்கும் ஒப்பந்த வேலைக்குப் போகும் என் அம்மாவிடம் மண்டோர் வந்து, "உங்க மகன் எந்தக் கட்சி?" என்று கேட்டிருக்கிறார். "அவன் படிக்கிறான்" என்று அம்மா பதில் சொன்னாராம். அந்தப் பதிலில் எனக்குப் பெருமைதான். ஆனால் வருத்தம் வேறு. நான் எந்தப் பக்கம் என்ற விவாதம் இரண்டு மாதம் ஓடியது. நிலம் யார் பெயரில், பேருந்துக் கட்டணம் யார் பொறுப்பு என்ற இரண்டு கேள்விகளை அதற்குப் பிறகு யாரும் எழுப்பவில்லை. வெட்டப்பட்டது என் பேச்சு மட்டுமன்று. அந்தப் பேச்சுக்குள் இருந்த பிள்ளைகளின் காரியமும் வெட்டப்பட்டது.

நம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளில் பல தனியார் நிலத்தில் நிற்கும் பகுதி உதவி பெறும் பள்ளிகள் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே நிலமும் பேருந்தும் சிறிய விஷயங்கள் அல்ல. ஆகவேதான் 'ஆனால்' முக்கியம்.

திருச்செங்கோட்டின் நகல் பக்கங்கள்

இதே வேலை பெரிய அளவில் ஒரு புத்தகத்துக்கு நடந்ததைத் தமிழ் படிக்கும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. குழந்தை இல்லாத ஒரு கணவனும் மனைவியும் ஊராரின் வாயில் விழுந்து படும் துயரமே அந்த நாவல். காளியும் பொன்னாவும் ஒருவர்மீது ஒருவர் வைத்திருக்கும் அன்பை ஊரின் ஏச்சு எப்படி அரிக்கிறது என்பதைப் பக்கம் பக்கமாகச் சொல்கிறது. திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாள் இரவைப் பற்றிய பகுதி அதில் ஒரு பகுதி.

நான்கு ஆண்டுகள் யாரும் எதிர்க்கவில்லை. ஆங்கில மொழிபெயர்ப்பு வந்து பெயர் பரவிய பிறகு, 2014 டிசம்பரில் எதிர்ப்புக் கிளம்பியது. எப்படித் தெரியுமா? நாவலின் சில பக்கங்களை மட்டும் நகலெடுத்து ஊரில் விநியோகித்தார்கள். நம் பெண்களையும் நம் கோயிலையும் கேவலப்படுத்திவிட்டான் என்று அந்தத் தாள்களை வாங்கியவர்கள் கொதித்தார்கள். புத்தகம் எரிக்கப்பட்டது. 2015 ஜனவரி 9ஆம் நாள் திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடந்தது. 12ஆம் நாள் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் 'அமைதிப் பேச்சு' என்று ஒன்று நடந்து, நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்கவும் விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறவும் எழுத்தாளர் இசைந்து கையெழுத்திட்டார். மறுநாள், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே முகநூலில் அறிவித்தார்.

அந்த நகல் தாள்களில் இருந்தவை நாவலின் வரிகள்தாம். அங்கேயும் ஒரு சொல்லும் மாற்றப்படவில்லை. ஆனால் பொன்னாவின் அழுகை இருந்த பக்கங்கள் நகலெடுக்கப்படவில்லை. அவளை அந்த இரவுக்குத் தள்ளிய ஊர்ப்பேச்சு இருந்த பக்கங்களும் நகலெடுக்கப்படவில்லை. முழு நாவலைப் படித்தவருக்குக் கோபம் வந்தால் அந்த ஊர்ப்பேச்சின் மீது வந்திருக்கும். நகலைப் படித்தவருக்கு எழுதியவர் மீது வந்தது.

2016 ஜூலை 5ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் தீர்ப்பளித்தார்கள். நாமக்கல் பேச்சில் எடுக்கப்பட்ட முடிவு எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்றார்கள். பிடிக்காத புத்தகத்தைப் படிக்காமல் விடும் உரிமை வாசகனுக்கு உண்டு. எழுதும் உரிமை எழுத்தாளனுக்கு உண்டு என்பது அதன் சாரம். நீதிபதிகள் முழு நாவலையும் வைத்துத் தீர்ப்புச் சொன்னார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். எடுத்துக் காட்டப்பட்ட பக்கங்களுக்கும் மொத்தக் கதைக்கும் என்ன உறவு என்று பார்த்தார்கள். சூழலுக்கு ஏற்ற பொருளைத் தெரிவு செய்தார்கள் என்று நம் பள்ளிக்கூட மொழியில் சொல்லலாம். ஆனால் அதற்குள் ஒன்றரை ஆண்டு ஓடிவிட்டது. அவர் ஊரையும் விட்டு வெளியேற வேண்டியிருந்தது.

நம் மாநிலத்துப் பாடநூல்

தமிழ்நாட்டுக் கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. நம் வாசலிலும் ஒன்று நடந்தது. அப்துல்லா ஹுசேன் எழுதிய 'இந்தர்லோக்' நாவல் 1971இல் வெளிவந்தது. அவர் 1996இல் நாட்டின் இலக்கியவாதி விருது பெற்றவர். 2011ஆம் ஆண்டில் அந்த நாவலின் மாணவர் பதிப்பு ஐந்தாம் படிவ மலாய் இலக்கியப் பாடநூலாக வந்தது. அதைப் படிக்க வேண்டிய மாநிலங்களில் நெகிரி செம்பிலானும் ஒன்று. நான் அப்போது தமிழ்ப்பள்ளி இரண்டாம் ஆண்டு மாணவன். வீட்டில் பெரியவர்கள் கோபமாகப் பேசிக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறது.

'பரியா' என்ற ஒரு சொல்லைச் சுற்றியே அந்தச் சண்டை நடந்தது. சொல்லை நீக்கினால் போதும் என்றனர் ஒரு சாரார். நூலையே மீட்டுக்கொள்ள வேண்டும் என்றனர் மற்றொரு சாரார். ஒரே சொல்லைப் பிடித்துத் தொங்குகிறீர்கள், சூழலோடு படியுங்கள் என்றனர் நூலைக் காத்தவர்கள். இந்தியர் கட்சிகளும் இயக்கங்களும் யார் அதிகம் எதிர்த்தது என்று தங்களுக்குள் போட்டி போட்டன. குழு அமைத்தார்கள்; திருத்தம் பேசினார்கள்; 2011 முடிவதற்குள் நூல் பாடத்திட்டத்திலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது.

பல்கலைக்கழக நூலகத்தில் அந்த நாவலை முழுமையாகப் படித்தேன். செமான், சிங் ஹுவாட், மணியம் என்று மூன்று குடும்பங்கள், மூன்று இனம், இறுதியில் மூன்றும் ஒன்றோடொன்று பிணைகின்றன. இனங்களை இணைக்க வேண்டும் என்ற நல்ல நோக்கம் அந்த நாவலுக்கு உண்டு. இதை மறைத்து, முழுக்க முழுக்க நம்மைத் திட்டுவதற்கே எழுதப்பட்ட நூல் என்று மேடையில் முழங்கியவர்கள் நூலை வெட்டினார்கள்.

ஆனால் 'சூழலோடு படியுங்கள்' என்று சொன்னவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. சூழலோடு படித்தால் குறை நீங்கவில்லை, கூடுகிறது. அந்தச் சொல் ஏதோ ஒரு கெட்ட பாத்திரத்தின் வாயில் வரவில்லை. மணியத்தோடு கப்பலில் வந்தவர்கள் அனைவரும் அந்தச் சாதி என்று கதையைச் சொல்பவரே சொல்கிறார். மலாயாவுக்கு வந்த நம் முன்னோர் பல சாதியினர், பல ஊரினர் என்பது வரலாறு. ஆக, எதிர்ப்புக்கு நியாயம் இருந்தது. அந்த நியாயம் வெட்டிய சொல்லில் இல்லை, முழுப் பத்தியில்தான் இருந்தது. முழுப் பத்தியை மக்கள் முன் வைத்திருந்தால் நம் வாதம் இன்னும் வலுத்திருக்கும்.

இன்னொரு கேள்வியும் எழுந்திருக்கும். அந்தச் சாதிப்பெயரால் அழைக்கப்படுவதே அவமானம் என்று நாம் கொதித்தபோது, அந்தச் சாதியில் பிறந்து அதே லயத்தில் நம்மோடு வாழ்ந்தவர்களுக்கு நாம் என்ன சொன்னோம்? மேடை இரைச்சலில் அந்தக் கேள்வி காணாமல் போனது. வெட்டப்பட்ட சொல்லை வைத்துச் சண்டை போடுபவர்களுக்குச் சங்கடமான கேள்விகள் வராது. அந்தச் சண்டையின் வசதியே அதுதான்.

'திரித்துவிட்டார்கள்' என்னும் கேடயம்

இப்போது நாணயத்தின் மறுபக்கம். 2008 ஆகஸ்டு மாதம் பெர்மாத்தாங் பாவ் இடைத்தேர்தல் பிரச்சாரத்தில், புக்கிட் பெண்டேரா அம்னோ தொகுதித் தலைவர் அகமட் இஸ்மாயில் சீனர்களை 'ஒண்டவந்தவர்கள்' என்ற பொருளில் குறிப்பிட்டதாகச் 'சின் சியூ' நாளிதழ் செய்தி வெளியிட்டது. எழுதியவர் டான் ஹூன் செங் என்ற பெண் நிருபர். சர்ச்சை மூண்டதும், சுதந்திரத்துக்கு முந்திய வரலாற்றைப் பற்றிப் பேசியதை நிருபர் திரித்துவிட்டார் என்று அகமட் இஸ்மாயில் சொன்னார். மன்னிப்புக் கேட்க மறுத்தார். பினாங்கில் அம்னோவும் கெராக்கானும் ஏற்கெனவே உரசிக்கொண்டிருந்த நேரம் அது. செப்டம்பரில் அவருடைய செய்தியாளர் கூட்டத்தில் கெராக்கான் தலைவர் கோ சூ கூனின் படம் கிழிக்கப்பட்டது. அம்னோ உச்சமன்றமே அவரை மூன்றாண்டுகள் இடைநீக்கம் செய்தது.

ஆனால் கைது செய்யப்பட்டவர் யார்? செப்டம்பர் 12ஆம் நாள் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பிடித்துச் செல்லப்பட்டவர் செய்தி எழுதிய டான் ஹூன் செங். அவருடைய பாதுகாப்புக்காகவே கைது செய்ததாக உள்துறை அமைச்சர் சையத் ஹமிட் அல்பார் விளக்கினார். ஒரு நாள் முடிவதற்குள் விடுவித்தார்கள். அந்தச் சட்டம் பயன்படுத்தப்பட்ட விதத்தை ஏற்க முடியாமல் அமைச்சர் சைட் இப்ராகிம் பதவி விலகினார். அந்தச் சட்டம் பின்னர் 2012இல் அகற்றப்பட்டது.

அதே செப்டம்பர் 12ஆம் நாள் கைதான இன்னொருவர் திரேசா கோக். பூச்சோங்கில் உள்ள ஒரு பள்ளிவாசலில் பாங்கு ஓசையைக் குறைக்கச் சொன்னார் என்பது அவர்மீது சுமத்தப்பட்ட பேச்சு. அவர் அப்படிக் கேட்கவில்லை என்று பள்ளிவாசல் தரப்பினரே மறுத்தார்கள். இருந்தும் ஏழு நாள் தடுப்புக் காவலில் இருந்தார். பேச்சை வெட்டுவது ஒரு படி. பேசாததைப் பேசியதாகச் சொல்வது அடுத்த படி. முதல் படியைப் பொறுத்துக்கொண்ட சமுதாயம் இரண்டாம் படியைத் தடுக்க முடியாது.

இந்த இரண்டு கைதுகளையும் சேர்த்துப் பாருங்கள். 'திரித்துவிட்டார்கள்' என்று சொன்ன அரசியல்வாதி வீட்டில் இருந்தார். எழுதியவரும், சொல்லாததற்குப் பழி சுமந்தவரும் காவலில் இருந்தார்கள். ஆகவே 'சூழலிலிருந்து பிரித்துவிட்டார்கள்' என்ற வார்த்தையைக் கேட்டவுடன் இரக்கப்பட வேண்டியதில்லை. கேட்டவுடன் சிரிக்கவும் வேண்டியதில்லை. முழுப் பேச்சைக் கேட்க வேண்டும். அதைக் கொடுக்கத் தயாராக இருப்பவர் பெரும்பாலும் உண்மை பேசுகிறார். 'திரித்துவிட்டார்கள்' என்பதோடு நிறுத்திக்கொண்டு, திரிக்காத வடிவம் எது என்று சொல்லாதவரை நம்புவதற்குக் காரணம் இல்லை.

விலை கொடுப்பவர் யார்?

கட்சிக்காரருக்கு மேடை உண்டு. மறுநாள் மறுப்பு அறிக்கை விடலாம். எழுத்தாளருக்கு நீதிமன்றம் உண்டு. தாமதமானாலும் தீர்ப்பு வரும். தோட்டத்தில் மருந்தடிக்கும் ஓர் அம்மாவின் பேச்சை வெட்டி ஓடவிட்டால் அவர் எங்கே போவார்? கோயில் கணக்கைப் பற்றி ஒரு கேள்வி கேட்டவர் 'கோயிலை எதிர்ப்பவர்' ஆகிறார். மானியத் தொகை எங்கே போனது என்று கேட்டவர் 'எதிர்க்கட்சி ஆள்' ஆகிறார். பிறகு அவர் வாயைத் திறப்பதில்லை. அடுத்த கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுப் போய்விடுகிறார்.

இதுதான் உண்மையான இழப்பு. நம் தோட்டப்புறக் கூட்டங்களில் பேசுபவர்கள் எப்போதும் அதே நான்கு பேராக இருப்பதற்கு மக்களுக்கு அக்கறை இல்லை என்பது காரணமன்று. பேசினால் துண்டாகிவிடும் என்ற பயமே காரணம். 'நல்லதுதான், ஆனால்...' என்று பேசத் தெரிந்தவர்கள் ஒதுங்கிக்கொண்டால், 'நல்லது' என்று கத்துபவரும் 'கெட்டது' என்று கத்துபவரும் மட்டுமே மிஞ்சுவார்கள். பிறகு பள்ளி, நிலம், சம்பளம், வீட்டுடைமை என்று எந்தக் காரியத்திலும் நடுவில் நின்று யோசிக்க ஆளிருக்காது.

நாம் என்ன செய்யலாம்?

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தில் இருக்கும் நாம் பெரும்பாலும் தோட்டத்துக்குத் திரும்பும்போது கலைநிகழ்ச்சியோடும் தன்முனைப்புப் பட்டறையோடும் திரும்புகிறோம். அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. அவற்றோடு மூன்று சிறிய காரியங்களையும் கொண்டுபோகலாம்.

ஒன்று, கூட்டக் குறிப்பு. பள்ளிக் கூட்டமோ கோயில் கூட்டமோ எதுவானாலும், பேசியவர் பெயரும் பேசியதன் சாரமும் எழுதப்பட்டு, கூட்டம் கலைவதற்கு முன் உரக்கப் படிக்கப்பட வேண்டும். 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்பவர் அங்கேயே திருத்திக்கொள்ளலாம். இதற்கு ஒரு குறிப்பேடும் பேனாவும் போதும். எழுதத் தெரிந்த மாணவர்கள் நாம் இருக்கிறோம்.

இரண்டு, முழுப் பதிவு. யாராவது பதிவு செய்தால் அதை நிறுத்தச் சொல்ல வேண்டாம். நாமும் முழுவதையும் பதிவு செய்து பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடமோ கோயில் நிர்வாகத்திடமோ ஒரு பிரதி கொடுத்துவிட வேண்டும். முழுப் பதிவு ஓரிடத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் வெட்டும் கைக்குத் தயக்கம் வரும்.

மூன்று, நம் பக்கத்துக்காரர் வெட்டினாலும் கேட்க வேண்டும். இதுதான் கடினம். நமக்குப் பிடிக்காத தலைவரின் பேச்சு வெட்டப்பட்டு வரும்போது சிரித்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்பி வைக்கிறோம். அவருக்கு எதிராகச் சொல்ல நம்மிடம் ஆயிரம் நியாயமான காரணங்கள் இருக்கலாம். அவர் சொல்லாததை அவற்றோடு சேர்த்தால் அந்த ஆயிரமும் கெட்டுப்போகும். எதிரிக்கு நியாயம் கேட்காதவனுக்கு நாளை தனக்கு நியாயம் கேட்கும்போது குரல் எழும்பாது.

மூத்த மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களில் வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள், ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், பத்திரிகைத் துறையில் இருக்கிறீர்கள். ஊருக்கு வரும்போது ஒரு மாலை நேரத்தை ஒதுக்குங்கள். பேச்சு வெட்டப்பட்டவர் என்ன செய்யலாம், மறுப்பு எழுதுவது எப்படி, யாரிடம் கொடுப்பது என்பதைத் தோட்டத்து மக்களுக்கு எளிய தமிழில் சொல்லிக் கொடுங்கள். ஒரு பட்டறையைவிட அந்த ஒரு மாலை அதிகம் உதவும்.

இவ்வளவும் செய்தாலும் வெட்டுபவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். தேர்தல் வந்தால் பெருகுவார்கள். அவர்களை நாம் திருத்த முடியாது. ஆனால் வெட்டியதை வாங்க ஆளில்லாமல் செய்ய முடியும். அடுத்த முறை உங்கள் கைப்பேசிக்கு யாருடைய பேச்சின் துண்டு வந்தாலும், அது உங்கள் தலைவருடையதோ எதிராளியுடையதோ, அனுப்பியவருக்கு ஒரே ஒரு வரி எழுதுங்கள்: "முழுசையும் அனுப்புங்க அண்ணே, கேட்டுட்டுப் பேசலாம்." அவரிடம் முழுசும் இல்லையென்றால், உங்களிடம் வந்த துண்டு உங்களோடு நிற்கட்டும்.